சாலி ரோஸின் கதை: கேள்வி பதில்

அமெரிக்கப் பாடகி எமிலூ ஹாரிஸ் 1985-இல் வெளியிட்ட ‘த பேலட் ஆஃப் சாலி ரோஸ்’ என்ற கன்ட்ரி இசை (கிட்டாரும் கதைப்பாட்டுமாக வளர்ந்த அமெரிக்கக் கிராமத்து இசை) ஆல்பம் பற்றி நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி: சார், ஆல்பம் முழுக்க ஒரே கதை என்கிறார்களே, உண்மையா?

பதில்: ஆமாம், 13 தடங்களும் ஒரே கதைதான். சாலி ரோஸ் என்ற பெண், ஊர் ஊராகப் போய்ப் பாடும் ஒரு பாடகனின் குழுவில் ரிதம் கிட்டார், அதாவது தாளம் பிடிக்கும் கிட்டார், வாசிக்கிறாள். அவன்தான் அவளுக்குக் குரு, காதலனும் அவன்தான். குடியும் அலைச்சலுமாக வாழ்ந்து, பயணத்திலேயே செத்துப்போகிறான். அவள் தொடர்ந்து பாடுகிறாள்.

கேள்வி: அந்தப் பாடகன், ஹாரிஸோடு பாடிய கிராம் பார்சன்ஸ் என்ற மங்கிப்போன நட்சத்திரம்தானே?

பதில்: பெரும்பாலும் அவர்தான், ஆனால் அப்படியே அவர் இல்லை. வாஷிங்டன் கிளப்புகளில் நாட்டுப்புறப் பாட்டு பாடிக்கொண்டிருந்த ஹாரிஸை கன்ட்ரி இசைக்குள் இழுத்து வந்தவர் பார்சன்ஸ். 1973 செப்டம்பர் 19 அன்று, கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீயில் ஒரு மோட்டலில், போதைமருந்தும் மதுவும் சேர்ந்து அவரைக் கொன்றன. வயது 26. இருவரும் சேர்ந்து பாடிய ‘கிரீவஸ் ஏஞ்சல்’ 1974-இல், அவர் போன பிறகுதான் வெளிவந்தது. அவரை மங்கிப்போன நட்சத்திரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உயிரோடு இருந்தவரை அவருக்கு ஒரு ஹிட் கூட அமையவில்லையே, அப்புறம் மங்குவது எங்கே? ஹாரிஸ் அவரைக் கதைக்குள் கொண்டுவந்தபோது, வெறும் ‘பாடகன்’ என்று மட்டும் விட்டுவிட்டார்.

கேள்வி: நட்சத்திரம் வீழும் கதைகள் எத்தனையோ உண்டு. இதில் என்ன புதுசு?

பதில்: வீழ்கிறவன் வாய் திறப்பதே இல்லை, அதுதான் புதுசு. எல்லாப் பாட்டையும் முன்நின்று பாடுவது ஹாரிஸ். மேடையில் அவனுக்குப் பக்கத்தில் நின்று தாளம் பிடித்தவள் வழியாகத்தான் அவனை நாம் அறிகிறோம். ‘வுமன் வாக் த லைன்’ கேட்டுப் பாருங்கள். ஒரு பெண் தனியாக மதுக்கடையில் உட்கார்ந்திருக்கிறாள். குடிக்க வந்தேன், இசைக்குழு வாசிப்பதைக் கேட்க வந்தேன், துணை தேடி வரவில்லை என்று சொல்லிவிடுகிறாள். அழுகை, புலம்பல் எதுவும் கிடையாது. என்னைப் பொறுத்தவரை ஆல்பத்தின் உயிர் அந்தப் பாட்டில் இருக்கிறது. ‘ஒயிட் லைன்’ வேகமான பாட்டு. நெடுஞ்சாலையின் வெள்ளைக்கோட்டைப் பிடித்துக்கொண்டே போகிறது. துக்கத்தைத் தாளத்தில் ஏற்றி ஓட்டுகிறார்.

கேள்வி: கே-எஸ்-ஓ-எஸ் என்று ஒரு தடம் இருக்கிறதே, அது என்ன?

பதில்: கதையில் வரும் வானொலி நிலையத்தின் பெயர். மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே உள்ள அமெரிக்க நிலையங்களின் பெயர்கள் பெரும்பாலும் ‘கே’ எழுத்தில்தான் தொடங்கும். அந்தத் தடத்தில் ‘ரிங் ஆஃப் ஃபயர்’, ‘வைல்ட்வுட் ஃப்ளவர்’ போன்ற பழைய பாட்டுகளின் மெட்டு வாத்தியத்தில் வரும்.

கேள்வி: விற்றதா?

பதில்: எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. அதுவரை பிறர் பாட்டுகளைப் பாடிப் பேர் வாங்கியவர், முதல்முறையாக பாடலாசிரியர் பால் கென்னர்லியோடு சேர்ந்து ஒரு முழுக்கதையை எழுதினார். வானொலிக்குத் தனிப்பாட்டுதான் வேண்டும். கதையை யார் முழுசாக ஒலிபரப்புவார்கள்? 1987-இல் பாடகிகள் டாலி பார்ட்டன், லிண்டா ரான்ஸ்டாட்டோடு பாடிய ‘ட்ரியோ’ ஆல்பம் பிரமாதமாக ஓடியது. ஆனால் பெரும்பாலும் சொந்தப் பாட்டுகளாலான அடுத்த ஆல்பம், ‘ரெட் டர்ட் கேர்ள்’, வர 2000 ஆகிவிட்டது. இந்த நஷ்டத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

கேள்வி: அண்ணா, முதல்முறை கேட்கிறேன். எப்படிக் கேட்பது?

பதில்: ஷஃபிளை அணைத்துவிட்டு வரிசையாகக் கேளுங்கள். பிடித்துப்போனால் 2018-இல் வந்த விரிவான பதிப்பில் டெமோ பதிவுகள் (முதலில் பாடிப்பார்த்த மாதிரிகள்) இருக்கின்றன. அப்புறம் கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சனின் ‘ஃபேசஸ் அண்ட் ஸ்டேஜஸ்’ (1974) கேளுங்கள், அதுவும் ஒரே கதைதான்: ஒரு விவாகரத்து, இசைத்தட்டின் ஒரு பக்கம் மனைவி சொல்வது, மறுபக்கம் கணவன் சொல்வது.