ஆர்.என். காவ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்தியாவின் வெளிநாட்டு உளவு அமைப்பான 'ரா'வின் முதல் தலைவர் ராமேஷ்வர் நாத் காவின் பணிவாழ்க்கை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: காவ் உளவுத்துறையிலேயே பணியைத் தொடங்கியவரா?

பதில்: இல்லை. 1918 மே 10 அன்று வாராணசியில் காஷ்மீரப் பண்டிதர் குடும்பத்தில் பிறந்த அவர், 1940இல் அன்றைய இம்பீரியல் போலீஸ் பணியில் சேர்ந்து ஐக்கிய மாகாணத்தில் பணியாற்றினார். 1947இல்தான் ஐபி எனப்படும் மத்திய உளவுத்துறைக்கு அயல்பணியில் வந்தார். காவல் பணியிலிருந்து உளவுப் பணிக்கு வருவதே அந்தத் தலைமுறையின் வழக்கமான பாதை. பின்னாளில் 'ரா' தனக்கென ஒரு பணித்தொகுதியை உருவாக்கிக்கொண்ட போதிலும், அதன் தலைவர்களில் பெரும்பாலோர் ஐபிஎஸ் அதிகாரிகளே. அஞ்சல் பணியிலிருந்து வந்து தலைவரான விக்ரம் சூத் போன்றவர்கள் விதிவிலக்கு.

கேள்வி: அவருக்குப் பெயர் வாங்கித் தந்த முதல் பணி எது?

பதில்: 'காஷ்மீர் பிரின்சஸ்' விமான விசாரணை. இந்தோனேசியாவின் பாண்டுங்கில் நடந்த ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் மாநாட்டுக்குச் சீனக் குழுவினரை ஏற்றிக்கொண்டு ஹாங்காங்கிலிருந்து புறப்பட்ட அந்த ஏர் இந்தியா விமானம், 1955 ஏப்ரல் 11 அன்று நடுவானில் குண்டு வெடித்துக் கடலில் விழுந்தது. 16 பேர் இறந்தனர், மூவர் பிழைத்தனர். அதில் பயணம் செய்யவிருந்த சீனப் பிரதமர் சௌ என்லாய் கடைசியில் அந்த விமானத்தில் ஏறவில்லை. இந்தியாவின் சார்பில் விசாரணையில் ஈடுபட்ட காவ், சீனா, பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த ஹாங்காங் ஆகிய இரு தரப்புகளோடும் பேச வேண்டியிருந்தது. ஒன்றையொன்று நம்பாத அரசுகளுக்கு நடுவே நம்பிக்கைக்குரியவராக நடந்துகொள்ளும் திறனை அவர் அங்கேதான் பெற்றார் என்பது என் கருத்து.

கேள்வி: ஐபி இருக்கும்போது 'ரா' எதற்கு?

பதில்: 1962 சீனப் போரும் 1965 பாகிஸ்தான் போரும் வெளிநாட்டு உளவில் இருந்த குறைகளை அம்பலப்படுத்தின. அதனால் வெளிநாட்டுப் பணி ஐபியிலிருந்து பிரிக்கப்பட்டு, 1968 செப்டம்பர் 21 அன்று கேபினட் செயலகத்தின் கீழ் புதிய அமைப்பு தொடங்கியது. அதற்கு முன்பே வான்வழி உளவுக்கான ஏஆர்சி என்ற அமைப்பை 1963இல் தொடங்கி நடத்திய அனுபவம் காவுக்கு இருந்தது.

கேள்வி: வங்கதேசப் போரில் அவருடைய பங்கு என்ன?

பதில்: வங்கதேச விடுதலைப் படையான முக்தி பாஹினிக்குப் பயிற்சியும் ஆயுதமும் கிடைக்கச் செய்ததில் 'ரா'வுக்குப் பெரும் பங்குண்டு, மூன்றே வயதான ஒரு அமைப்புக்கு இது அசாதாரணமான சாதனை. ஆயினும் காவைப் புரிந்துகொள்ள, அந்த வெற்றியைவிட அதற்குப் பிறகு நடந்த ஒன்றே அதிகம் உதவும் என்று நினைக்கிறேன். வங்கதேசத் தலைவர் முஜிபுர் ரஹ்மானைக் கொல்ல அவருடைய ராணுவத்துக்குள்ளேயே சதி நடப்பதாகத் தகவல் கிடைத்ததும், காவ் இந்திரா காந்தியின் ஒப்புதலோடு 1974 டிசம்பரில் டாக்காவுக்குச் சென்று முஜிபிடம் நேரில் எச்சரித்தார். அவர்கள் தம் பிள்ளைகள், தமக்குத் தீங்கு செய்ய மாட்டார்கள் என்று முஜிப் மறுத்துவிட்டதாகக் காவே பின்னர் தெரிவித்தார். 1975 ஆகஸ்ட் 15 அன்று முஜிபும் அவருடைய குடும்பத்தினர் பெரும்பாலோரும் கொல்லப்பட்டனர். உளவு அதிகாரியால் உண்மையைக் கண்டறிந்து உரியவரிடம் சேர்க்க முடியும். அதை ஏற்று நடப்பதும் புறக்கணிப்பதும் அதிகாரத்தில் இருப்பவரின் முடிவு. இதை மறந்துவிட்டு ஒவ்வொரு துயரத்தையும் 'உளவுத் தோல்வி' என்று எழுதுவது நியாயமில்லை.

கேள்வி: 1977இல் அவர் ஏன் விலக நேர்ந்தது?

பதில்: நெருக்கடிநிலைக் காலத்தில் 'ரா' அரசியலுக்குப் பயன்படுத்தப்பட்டதாகப் புதிய பிரதமர் மொரார்ஜி தேசாய் சந்தேகித்தார். காவ் மீது எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படவில்லை என்றாலும் அவர் வெளியேறினார். அமைப்பின் நிதியும் ஆட்பலமும் குறைக்கப்பட்டன. அடுத்து வந்த கே. சங்கரன் நாயரும் சில மாதங்களிலேயே விலகினார்.

அந்தச் சந்தேகத்தை முழுவதும் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். 'ரா'வும் சரி, ஐபியும் சரி, நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தால் உருவானவை அல்ல. அவற்றை மேற்பார்வையிட நாடாளுமன்றக் குழுவும் இல்லை. பிரிட்டன் தன் உளவு அமைப்புகளுக்கு 1989இலும் 1994இலும் சட்டம் இயற்றிவிட்டது. இங்கே அதற்காக 2011இல் மக்களவையில் ஓர் உறுப்பினர் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. அத்தகைய சட்டம் அன்றே இருந்திருந்தால் ஆட்சியாளர்கள் அமைப்பைத் தவறாகப் பயன்படுத்துவதும் கடினமாகியிருக்கும், நேர்மையான அதிகாரி வெறும் சந்தேகத்தால் பதவி இழப்பதும் கடினமாகியிருக்கும். இந்திரா காந்தி மீண்டும் ஆட்சிக்கு வந்தபின் காவ் பாதுகாப்பு ஆலோசகரானார். அதுவும் பிரதமரின் தனிப்பட்ட நம்பிக்கையால் கிடைத்த இடமே.

கேள்வி: இத்தகைய அதிகாரிகள் ஓய்வுபெற்ற பின் தங்கள் அனுபவங்களை எழுதலாமா?

பதில்: முன் அனுமதியின்றி எழுத முடியாது. 2021இல் திருத்தப்பட்ட ஓய்வூதிய விதிகளின்படி, உளவு அமைப்புகளில் பணிபுரிந்தவர்கள் தங்கள் அமைப்பின் பணி சார்ந்த எதையும் வெளியிடுவதற்கு அதன் தலைவரிடம் அனுமதி பெற வேண்டும். மீறினால் ஓய்வூதியம் நிறுத்தப்படலாம். 2002 ஜனவரியில் மறைந்த காவின் காலத்தில் இந்த விதி இல்லை. ஆயினும் அவர் தம் பணியைப் பற்றிப் பொதுவெளியில் மிக அரிதாகவே பேசினார்.