1952 பத்திரம் இணையத்தில் கிடைக்காவிட்டால்

குடும்ப வரலாறு தேடும்போது, உங்கள் அம்மாவின் தாத்தா 1952-இல் திருவல்லிக்கேணியில் வாங்கிய வீட்டின் பத்திரம் இணையத்தில் சிக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அது உங்கள் தப்பு இல்லை. பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்க விவரம் (ஒரு சொத்தின் மேல் நடந்த பதிவுகளின் பட்டியல்) நீண்ட காலம் பெரும்பாலும் 1975-லிருந்துதான் இருந்தது. தளத்தில் இல்லாத பழையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டுத்தான் தேட வேண்டும். வருடம் அம்மா நினைவிலிருந்து சொன்னது என்றால் முன்னும் பின்னும் சில வருடம் சேர்த்துக் கேளுங்கள். வருடம் கூடக் கூடக் கட்டணமும் ஏறும்.

போகும் முன் பழைய கதவு எண்ணைப் பிடியுங்கள். சென்னையில் எண்கள் மாறிவிட்டன, தெருப் பெயரில் இருந்த சாதி ஒட்டும் பல இடங்களில் போய்விட்டது. எங்கள் பாட்டி வீட்டு எண் கிடைத்தது டிரங்குப் பெட்டியில் கிடந்த ஒரு இன்லாண்டு கடிதத்தில்!

பத்திர நகல் வந்ததும் முதல் பத்தியைப் பாருங்கள். "இன்னார் குமாரர் இன்னார்" என்று இன்னொரு தலைமுறை கிடைக்கும். பெண்கள் என்றால் "இன்னார் பாரியாள்" (மனைவி) என்பதோடு சரி, பிறந்த வீடு பெரும்பாலும் இராது. பாட்டிகள் பக்கத்துக்கு அம்மாவின் பேச்சுதான் ஆவணம். இந்த வாரமே போனில் பதிவு செய்யுங்கள்.

அப்புறம், வீட்டில் இருக்கும் பழைய தாள்களை லேமினேட் செய்துவிடாதீர்கள். பிறகு சேதமில்லாமல் பிரிப்பது கடினம்.