ஒரு மீட்டருக்கு 100 சென்டிமீட்டர்தானே, ஒரு கன மீட்டருக்கு மட்டும் ஏன் 10 லட்சம் கன சென்டிமீட்டர்? லிட்டர் கணக்கில் ஏன் இந்தக் குழப்பம் வருவதில்லை?

நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர் இருக்கும் பெட்டி ஒன்றில், ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள சின்னக் கட்டிகளை அடுக்குவதாக வைத்துக்கொள்வோம். ஓரமாக ஒரு வரிசை வைக்கவே 100 கட்டி வேண்டும். அப்படி 100 வரிசை வைத்தால்தான் அடித்தளம் மூடும். அதற்குள் 10,000 கட்டி போய்விட்டது, ஆனால் உயரம் ஒரே ஒரு சென்டிமீட்டர்தான் ஏறியிருக்கிறது! பெட்டி நிறைய இதே போல 100 அடுக்கு தேவை. ஆக, 10 லட்சம்.

நூறு என்பது ஒரு திசைக்கு மட்டும்தான். கன அளவில் திசை மூன்று என்பதால் மூன்று முறை பெருக்குகிறோம். செ.மீ.³ என்று எழுதும்போது மேலே உள்ள 3, மீட்டரோடு சேர்ந்து சென்டியையும் பிடித்துக்கொள்கிறது. பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

லிட்டர் அப்படியில்லை. அது பிறக்கும்போதே கொள்ளளவு, தலையில் 3 கிடையாது. அதனால் மில்லிலிட்டர் ஆயிரத்தில் ஒன்று, சென்டிலிட்டர் நூறில் ஒன்று, கிலோலிட்டர் ஆயிரம் மடங்கு. அவ்வளவுதான்.

சரி, இரண்டையும் இணைப்பது எது? 10 சென்டிமீட்டர், அதாவது ஒரு டெசிமீட்டர், பக்கமுள்ள கனசதுரம்தான் ஒரு லிட்டர். அதில் 1,000 கன சென்டிமீட்டர் இருக்கிறது. எனவே ஒரு கன சென்டிமீட்டரும் ஒரு மில்லிலிட்டரும் ஒன்றே. ஊசி மருந்திலும் வண்டி எஞ்சினிலும் சொல்லும் 'சி.சி.'யும் அதேதான். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர்.

(1901 முதல் 1964 வரை ஒரு கிலோ தண்ணீர் பிடிக்கும் இடத்தையே லிட்டர் என்று வரையறுத்திருந்தார்கள். அது ஒரு கன டெசிமீட்டரைவிட மயிரிழை அதிகம், சுமார் 1.000028. அந்தக் காலத்து நூல்களில் மில்லிலிட்டரையும் சி.சி.யையும் பிரித்து எழுதியிருந்தால் திகைக்க வேண்டாம்.)

கணக்குப் போடும்போது நான் பள்ளியோடு மறந்துபோகும் டெசிமீட்டரைத்தான் நம்புவேன். 120 × 50 × 40 சென்டிமீட்டர் தொட்டி என்றால், பெருக்கி 2,40,000 வந்த பிறகு பூஜ்ஜியங்களை எண்ணிக்கொண்டிருப்பானேன்? முதலிலேயே பத்தால் வகுத்து 12 × 5 × 4 ஆக்கினால் 240. விடை நேராக லிட்டரிலேயே வந்துவிடும். கன மீட்டரில் வேண்டுமா, 0.24.

மழைக்கும் இதே வழி பொருந்தும். ஒரு சதுர மீட்டர் என்பது 100 சதுர டெசிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என்பது 0.01 டெசிமீட்டர். பெருக்கினால் 1. ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது.