“சரிம்மா, சரிம்மா” என்பவரிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி: மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். எங்கள் ஊரில் விசைத்தறி ஓட்டும் 52 வயதுக்காரர் ஒருவருக்கு மாதாமாதம் சர்க்கரை மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிறேன். எதைச் சொன்னாலும் “சரிம்மா, சரிம்மா” என்பார். ஆனால் சர்க்கரை 300-க்குக் கீழே இறங்கவே இல்லை. போன வாரம் பார்த்தால் நாலு மாத மாத்திரை அலமாரியில் பிரிக்காமல் கிடக்கிறது. கேட்டால், மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைக் காட்டுகிறார். பீடியும் விடவில்லை. பேசிப் பேசி எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். நாளைக்கு இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், நான் சரியாகச் சொல்லாததுதான் காரணம் என்று ஆகிவிடுமோ? (காலில் ஆணி இருக்கிறது என்று கார்ன் கேப் ஒட்டியிருக்கிறார். தண்ணீர் மாதிரி கசிகிறது. வலி இல்லையாம், அதனால் பயமில்லை என்கிறார்.)

பதில்: அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, அதுதான் இந்தக் கடிதத்தில் அவசரம். 300 சர்க்கரையோடு பல மாதம் இருப்பவரின் பாதத்தில் கசிவு இருந்தால், அதை ஆணி என்று நினைக்கக் கூடாது, புண் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வலி இல்லை என்பதில் ஆறுதலும் இல்லை. நரம்பு மரத்துப்போயிருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். கார்ன் கேப்பில் இருப்பது தோலை அரிக்கும் சாலிசிலிக் அமிலம். உணர்ச்சி இல்லாத காலில் அது எவ்வளவு ஆழம் அரிக்கிறது என்று அவருக்கே தெரியாது. சர்க்கரை நோயாளி யாரும் இதைக் கடையில் வாங்கி ஒட்டிக்கொள்ளவே கூடாது. வெந்நீரில் காலை ஊறவைப்பதும் வேண்டாம். கொப்புளம் கிளம்பிய பிறகுதான் சூடு தெரியவரும்.

அவரை நாளைக் காலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். காய்ச்சல், துர்நாற்றம், சீழ், பரவுகிற சிவப்பு, கறுத்த விரல், இதில் ஒன்று தெரிந்தாலும் நாளை வரை காத்திருக்காமல் இன்றைக்கே அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு. இந்த ஒரு விஷயத்தில் நயமாகக் கேட்பது, அவர் மனம் மாறட்டும் என்று காத்திருப்பது எதுவும் வேண்டாம். “அண்ணே, இது ஆணி இல்லை, இப்படியே விட்டா விரலை எடுக்க வேண்டி வரலாம், கிளம்புங்க” என்று நேராகச் சொல்லுங்கள்.

வீடியோவை விடுங்கள். மெட்ஃபார்மின் 1957-லிருந்து சர்க்கரை நோய்க்குக் கொடுக்கப்படுகிற மருந்து. அது கிட்னியைக் கெடுப்பதில்லை. கிட்னி ஏற்கெனவே பழுதானவர்களுக்கு மருந்து உடம்பில் தேங்கும் என்பதால் அளவைக் குறைப்போம், இல்லையென்றால் நிறுத்துவோம். அதைத் தலைகீழாகத் திருப்பி யாரோ ஒருவர் வீடியோ போடுகிறார், இங்கே ஒருவர் நாலு மாத மாத்திரையைத் தொடாமல் வைக்கிறார். கிட்னியைக் கெடுக்கப்போவது அந்த 300 சர்க்கரைதான்.

இனி நீங்கள் உண்மையில் கேட்க வந்தது. உங்கள்மேல் குற்றமில்லை. மாத்திரையைப் போடுவதும் போடாததும் அவர் முடிவு. அதை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். ஆனால் நீங்கள் குறைவாகச் சொல்லிவிட்டதாகப் பயப்படுகிறீர்கள், எனக்கோ அதிகமாகச் சொல்லிவிட்டதாகத் தோன்றுகிறது. “சரிம்மா” என்றால் “புரிந்தது” என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். “பேச்சை முடி, கிளம்பு” என்பதை மரியாதையாகச் சொல்கிறார், அவ்வளவுதான். நாம் மாறு, மாறு என்று தள்ளத் தள்ள, எதிராளி மாறாமல் இருப்பதற்கான நியாயங்களைத்தான் தேடுவார். குடிநோயாளிகளிடம் இதைக் கவனித்த வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர், மாறுவதற்கான காரணம் நோயாளியின் வாயிலிருந்தே வரும்படி பேசும் ஒரு முறையை 1983-ல் எழுதினார். இன்று சர்க்கரை, புகை, உடல் எடை என்று எல்லாவற்றுக்கும் அதைப் பயன்படுத்துகிறோம்.

செய்வது இப்படித்தான். “மாத்திரை போட்டீங்களா?” என்றால் ஆமாம், இல்லை என்பதோடு பேச்சு முடிந்துவிடும். “இந்த மாத்திரையில உங்களுக்கு என்ன சிரமம்ணே?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனம் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், பரவாயில்லை. “போட்டா வயித்தைக் கலக்குது” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “அதெல்லாம் போகப் போகச் சரியாயிடும்” என்று உடனே பாயாதீர்கள். “தறியை விட்டுட்டு ஓட வேண்டியிருக்கு, கூலி கெடுதுன்னு நினைக்கிறீங்க” என்று அவர் மனதில் இருப்பதையே திருப்பிச் சொல்லுங்கள். அதற்கப்புறம் அவரே பேசுவார். தறிக்காரர்களிடம் நான் பார்த்தவரை, வீடியோ என்பது வெளியே சொல்ல வசதியான காரணம். பாதி ஷிஃப்டில் வயிறு கலக்குவதை ஒரு பெண்ணிடம் சொல்லக் கூச்சம். அப்படித்தான் இருந்தால், “ஒண்ணு சொல்லட்டுமாண்ணே?” என்று அனுமதி கேட்டுச் சொல்லுங்கள்: சாப்பாட்டோடு போட்டால் கலக்கல் குறையும், மெதுவாகக் கரைகிற மாத்திரையும் இருக்கிறது, மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். சொல்லிவிட்டு, “உங்களுக்கு என்ன தோணுது?” என்று கேட்டு நிறுத்துங்கள். அளவைக் கூட்டுவது, குறைப்பது மட்டும் மருத்துவர் வேலை.

இன்னொரு கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. “தினமும் மாத்திரை போட முடியும்ங்கிறதுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?” நாலு என்பார். “ஏன் எட்டு இல்லை?” என்று கேட்டீர்களோ, போச்சு, சாக்குகளை அடுக்குவார். “பரவாயில்லையே, ரெண்டு போடாம நாலு போட்டீங்களே, ஏன்?” என்று கேளுங்கள். கொஞ்சம் முழிப்பார். பிறகு, “பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணணும்ல” என்றோ, “எங்கப்பாவுக்குக் கால் எடுத்தாங்க” என்றோ வரும். அதைச் சொன்னது அவர் வாய். நீங்கள் நூறு தடவை சொன்னதற்கு அந்த ஒரு தடவை ஈடு. அந்த இடத்தில் அறிவுரை எதையும் சேர்க்காதீர்கள், “சரி, எந்த நேரத்துல போட்டா உங்களுக்குத் தோதுப்படும்?” என்பதோடு விடுங்கள். நேரத்தை அவரே குறிக்கட்டும். அடுத்த மாதம் மீதி மாத்திரையை இரண்டு பேரும் சேர்ந்து எண்ணுங்கள். முப்பதில் பதினைந்து போட்டிருந்தால், விட்ட பதினைந்தைப் பேசாமல், போட்ட பதினைந்து நாள் எப்படி முடிந்தது என்று கேளுங்கள்.

பீடியை இந்த மாதம் நீங்களாக எடுக்க வேண்டாம். காலுக்குப் போகிற ரத்தத்தை அது குறைக்கிறது, புண் ஆற விடாது என்பதைக் கட்டுப் போடும்போது மருத்துவர் சொல்லட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பேசினால் மறுபடியும் “சரிம்மா”தான். உங்கள் தொண்டைக்குப் பேச்சைக் குறைப்பதே வைத்தியம், மூன்று வாரம் தாண்டியும் குரல் சரியாகாவிட்டால் காட்டுங்கள்.

ஒன்றுக்கு மட்டும் முன்கூட்டியே தயாராக இருங்கள். புண் ஆறும்வரை அந்தக் காலை ஊன்றக் கூடாது, தறி முன்னால் நிற்கக் கூடாது என்று மருத்துவர் சொல்வார். வாரக்கணக்கில் கூலி போகும். வலி இல்லாத காலுக்காக வேலையை விட அவருக்கு மனம் வராது, இரண்டாம் நாளே செருப்பில்லாமல் தறிக்குப் போய்விடுவார். அதனால் நாளை திரும்பி வந்ததும் வீட்டம்மாவையும் உட்காரவைத்து, “இத்தனை நாள் எப்படிச் சமாளிக்கப் போறீங்க?” என்று அவரிடமே கேளுங்கள். உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாற்றித் தர முதலாளியிடம் கேட்கலாம் என்று அவரே சொன்னால், மருத்துவரிடம் அதற்கு ஒரு சீட்டு எழுதி வாங்கிக் கொடுங்கள். புண் ஆறிய பிறகு எம்.சி.ஆர். செருப்பு (மரத்த காலில் அழுத்தம் விழாமல் காக்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு) வேண்டும், அரசு மருத்துவமனையில் கிடைக்குமா என்று நாளைக்கே விசாரித்து வையுங்கள்.