ஒன்றுமில்லாததற்கு இவ்வளவு வேலையா?

கேள்வி: ஆறாவது படிக்கிற என் மகள், "பூஜ்யம்னா ஒண்ணுமில்லைன்னு சொல்றீங்க, அப்புறம் 1 பக்கத்துல போட்டா மட்டும் எப்படிப் பத்தாகுது?" என்று கேட்டு மடக்கிவிட்டாள். பழைய தமிழ் எண்களில் பூஜ்யமே கிடையாது என்கிறார்களே, உண்மையா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: உண்மைதான், மகளுக்கான பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. பழைய முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனி எழுத்து உண்டு. 205 எழுத வேண்டுமா, ௨௱௫, அதாவது இரண்டு, நூறு, ஐந்து. வாயால் சொல்வதை அப்படியே எழுதிவிடலாம், நடுவில் பத்து இல்லையென்றால் அதைச் சொல்லாமல் விட்டால் போதும். சரி, அந்த ௱-ஐ எடுத்துவிட்டு வெறும் 2, 5 என்று எழுதிப் பாருங்கள், அது 25-ஆ 205-ஆ? இடத்தை வைத்தே மதிப்பு சொல்கிற முறையில், காலி இடத்தைக் காட்டவும் ஒரு குறி வேண்டும். அதனால் 1-ஐப் பத்தாக்குவது பூஜ்யத்தின் மதிப்பு இல்லை. அது கடைசி இடத்தில் உட்கார்ந்துகொண்டதால் 1 பத்துகளின் இடத்துக்கு நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

குவாலியரில் ஒரு கோயில் கல்வெட்டு, 876-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பூந்தோட்டத்தின் நீளம் 270 முழம், சுவாமிக்குத் தினமும் 50 மாலை என்ற கணக்கில், நாம் இன்று போடுகிற அதே வட்டம் சின்னதாக இருக்கிறது. கம்போடியாவில் 683-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் அது ஒரு புள்ளி. இன்றைய இராக் பகுதியில் வாழ்ந்த பாபிலோனியர்கள் இதற்கெல்லாம் வெகு காலம் முன்பே காலி இடத்துக்குக் குறி போட்டவர்கள்.

ஆனால் எனக்குப் பெரிய விஷயமாகப் படுவது வேறு. 628-இல் பிரம்மகுப்தர் என்ற இந்தியக் கணித அறிஞர் பூஜ்யத்தையும் மற்ற எண்களைப் போலவே கூட்டவும் கழிக்கவும் விதி எழுதினார். ஓர் எண்ணிலிருந்து அதே எண் போனால் பூஜ்யம். கடனிலிருந்து பூஜ்யத்தைக் கழித்தால் கடன் அப்படியே நிற்கும். பூஜ்யத்துக்கும் கீழே போகிற, -5 போன்ற எண்ணைக் கடன் என்றுதான் அவர் சொன்னார், மாதக் கடைசியில் நமக்கு அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை! இந்த எண்கள் அரபு நாடுகளுக்குப் போனபோது பூஜ்யத்துக்கு 'சிஃபர்', அதாவது காலி என்று பெயர் வந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிற 'சைபர்' அதிலிருந்து வந்ததுதான்.

மகள் அடுத்து, பூஜ்யத்தால் வகுத்தால் என்ன வரும் என்று கேட்பாள். பிரம்மகுப்தரே இதில் சறுக்கினார், பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்று எழுதிவிட்டார். நீங்கள் காசிமேட்டு மீன்கூடையைச் சொல்லுங்கள். கூடையில் 20 சங்கரா, தடவைக்கு 5 எடுத்தால் 4 தடவையில் காலி. தடவைக்குப் பூஜ்யம் மீன் எடுத்தால்? விடிய விடிய எடுத்தாலும் 20 அப்படியே கிடக்கும், எத்தனை தடவையில் காலியாகும் என்று சொல்ல ஓர் எண்ணும் கிடையாது.