மஞ்சள் கருவிலிருந்தா குஞ்சு வருகிறது? விலங்குகளின் இனப்பெருக்கம் பற்றி மாணவர் கேள்விகள்

சேவலே இல்லாமல் கோழி முட்டையிடுமா? (ஏழாம் வகுப்பு மாணவன்)

இடும், தம்பி. முட்டையிடச் சேவல் வேண்டாம். அந்த முட்டை பொரிக்கத்தான் வேண்டும். சேவலின் விந்தணு கோழியின் அண்டத்தோடு சேர்வதுதான் கருவுறுதல். ஓடு மூடுவதற்கு முன்பே, கோழியின் உடலுக்குள் அது நடந்துவிட வேண்டும். சேவலே இல்லாத பண்ணை முட்டையை எத்தனை நாள் அடைவைத்தாலும் குஞ்சு வராது.

மஞ்சள் கருதானே குஞ்சாகிறது? (ஆறாம் வகுப்பு மாணவி)

பெயரிலேயே 'கரு' இருப்பதால் வந்த குழப்பம் இது. பெரியவர்களும் இப்படித்தான் நினைக்கிறார்கள். மஞ்சள் கரு, குஞ்சுக்குக் கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு. ஒரு முட்டையை மெதுவாகத் தட்டில் உடைத்து ஊற்றிப் பாரம்மா. மஞ்சளின் மேல் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் வெளிறிய புள்ளி ஒன்று தெரியும். கருவுறாத முட்டையில் அது வெறும் திட்டு. கருவுற்றதில் வளையம்போல் இருக்கும். குஞ்சு உருவாவது அங்கிருந்துதான், 21 நாளில். பொரிக்கும் தறுவாயில் மிச்சமிருக்கும் மஞ்சளையும் குஞ்சு வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். பிறந்து ஒன்றிரண்டு நாள் இரையில்லாமல் தாங்குவது அந்தச் சேமிப்பால்தான்.

தவளை ஆயிரக்கணக்கில் முட்டையிட, யானை மட்டும் ஏன் ஒரே குட்டி? (மகனுக்காகக் கேட்கும் அம்மா)

நல்ல கேள்வி கேட்டிருக்கிறான். பெரும்பாலான தவளைகளுக்குக் கருவுறுதல் உடலுக்கு வெளியே, தண்ணீரில் நடக்கிறது. ஆண் தவளை பெண்ணின் முதுகில் ஏறி இறுகப் பிடித்துக்கொள்ளும். பெண் முட்டைகளை வெளியேற்ற, ஆண் அவற்றின் மேல் விந்தணுக்களை விடும். முட்டைக்கு ஓடு கிடையாது, பெரும்பாலும் காவலும் கிடையாது. மீனும் பூச்சியும் தின்றது போக ஒன்றிரண்டாவது தவளையாக வேண்டுமே! யானையோ ஏறத்தாழ 22 மாதம் வயிற்றில் சுமந்து, பிறகு பாலூட்டி, கூடவே வைத்து வளர்க்கிறது.

துணையே இல்லாமல் குட்டி வருமா? (எட்டாம் வகுப்பு மாணவி)

வரும். ஹைட்ரா என்ற சின்னஞ்சிறு நீர்வாழ் உயிரியின் உடம்பில் பக்கவாட்டில் ஒரு மொட்டு கிளம்பும்; வாயும் உணர்நீட்சிகளும் வளர்ந்ததும் பிரிந்து தனியாகப் போய்விடும். இது பாலிலா இனப்பெருக்கம். மண்புழுவை இதில் சேர்த்துவிடாதே. ஒரே உடம்பில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் இருந்தாலும் அது பெரும்பாலும் துணை தேடித்தான் போகும்.

பல்லிக்கு வால் முளைப்பதும் இனப்பெருக்கமா? (ஆறாம் வகுப்பு மாணவன்)

இல்லை. பல்லிக்கு வால் வரும். அறுந்த வாலிலிருந்து பல்லி வராதே!

கடல்குதிரையில் அப்பாதான் குட்டி போடுமாம். அப்படியானால் அதுதானே அம்மா? (ஏழாம் வகுப்பு மாணவி)

குட்டி போடுவது ஆண் என்பது உண்மை. பெண், முட்டைகளை ஆணின் வயிற்றுப் பைக்குள் இட்டுவிடும். அங்கேயே அவை கருவுற்று வளரும். ஆனால் சுமப்பதை வைத்து ஆண், பெண் என்று பிரிப்பதில்லை. அண்டம் கொடுப்பது பெண், விந்தணு கொடுப்பது ஆண். பத்துக் குட்டியை வயிற்றில் தூக்கிக்கொண்டு அலைந்தாலும் அது அப்பாதான்.