எம்பி4 வீடியோவை வெப்எம் ஆக மாற்றிய பிறகு அசல் கோப்பை அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள்.

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு விஷயம். யாரும் எடுத்து ஆளக்கூடிய படங்களையும் வீடியோக்களையும் சேர்த்து வைக்கும் விக்கிமீடியா பொதுவகம் எம்பி4-ஐ ஏற்கவில்லை, வெப்எம் என்ற கட்டற்ற வடிவத்துக்கு மாற்றினால் தரம் குறையுமா என்பது ஒன்று. மாற்றி ஏற்றிய பிறகு போனில் இடம் பிடிக்கும் அசலை அழிக்கலாமா என்பது இன்னொன்று. இரண்டாவதைப் படித்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்களும் உங்கள் வீட்டுப் பெரியவர் யாரையோ படம் பிடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

2013-ல் பத்தமடையில் என் பெரியம்மா பாய் நெய்வதை 14 நிமிடம் எடுத்தேன். சாதாரணப் பாய் இல்லை, பட்டுப்பாய். கோரையை நூல் போலக் கீறி ஊறவைத்து, பருத்திப் பாவில் ஒவ்வொன்றாகக் கோத்து நெருக்குவார். கல்யாணப் பாய் என்றால் மாப்பிள்ளை, பெண் பெயரையும் அதிலேயே நெய்துவிடுவார். பொதுவகத்தில் அந்த வேலைக்கு நல்ல வீடியோ ஒன்று இருக்கட்டும் என்று எனக்கு ஆசை. போனில் எடுத்த கோப்பு எம்பி4, 1.7 ஜிபி. உள்ளே படம் எச்.264, ஒலி ஏஏசி என்ற முறைகளில் சுருக்கப்பட்டிருந்தது. எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் கொண்டு வெப்எம் ஆக மாற்றினேன். பிட்ரேட், அதாவது ஒரு நொடி வீடியோவுக்கு எவ்வளவு தரவு என்ற அளவு, எதுவும் கொடுக்கவில்லை. அன்றைய பதிப்பில், வெப்எம்முக்குள் படத்தைச் சுருக்கும் விபி8 முறைக்கு எதுவும் சொல்லாவிட்டால் அதுவாகவே மிகக் குறைந்த பிட்ரேட்டை எடுத்துக்கொள்ளும். வந்த கோப்பு 30 எம்பி. என் இணைப்பில் சீக்கிரம் ஏறிவிடும் என்று சந்தோஷப்பட்டேன். போனில் பார்த்தபோது நன்றாகத்தான் தெரிந்தது. ஏற்றினேன், மெமரி கார்டு நிறைந்திருந்ததால் அசலை அழித்தேன்.

2016-ல் பெரியம்மா மவுத்தானார். அக்கா மகள் அந்த வீடியோவைக் கேட்டாள், டிவியில் போட்டோம். பெரியம்மாவின் முகம் தெரிந்தது, குரல் கேட்டது. பாய் மட்டும் இல்லை. கை நகரும் இடமெல்லாம் கட்டம் கட்டமாகப் பச்சையும் சிவப்பும் கலங்கிக் கிடந்தது. கோடெக் (வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறை) எதுவானாலும், பிட்ரேட் போதாதபோது முதலில் நுண்ணிய கோடுகளைத்தான் கைவிடும். பட்டுப்பாய் என்பதே அந்தக் கோடுகள்தான்.

சரி, திரும்ப எம்பி4 ஆக்கினால் வந்துவிடும் என்று நம்பி, பிட்ரேட்டை ஏற்றி மாற்றிப் பார்த்தேன். 900 எம்பிக்கு ஒரு கோப்பு வந்தது. அதே கலங்கல், அதோடு இன்னும் கொஞ்சம் மழுங்கல். போன விவரத்தை எந்த மாற்றியும் கொண்டுவராது. ஒவ்வொரு முறை மறுபடி சுருக்கும்போதும் இருப்பதில் கொஞ்சம் போகும்.

கட்டற்ற வடிவங்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 2014-ல் எம்பி4-ஐ அனுமதிக்கலாமா என்று கருத்துக் கேட்டபோது விக்கிமீடியா சமூகம் வேண்டாம் என்றது. அது சரி என்றுதான் இன்றும் சொல்வேன். எச்.264 காப்புரிமைகளின் பிடியில் இருந்த வடிவம். யாரும் உரிமம் கேட்காமல் எடுத்து ஆளத்தான் பொதுவகம் இருக்கிறது. கூகுள் 2010-ல் ஆன்2 நிறுவனத்தை வாங்கி, அதன் விபி8-ஐ யாரும் ஆளும்படி திறந்துவிட்டது, 2013-ல் விபி9 வந்தது, 2018-ல் ஏவி1. விபி9 ஒழுங்காக அமைத்தால் எச்.264-ஐவிடச் சிறிய கோப்பில் அதே தரம் தரும். தப்பு வடிவத்தில் இல்லை, நான் மாற்றிய விதத்திலும் அழித்ததிலும்தான்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. எம்பி4, வெப்எம், எம்கேவி எல்லாம் பெட்டிகள். உள்ளே இருக்கும் கோடெக் வேறு விஷயம். எம்கேவியில் எச்.264 இருந்தால், எஃப்எஃப்எம்பெக்கில் 'காப்பி' என்று கொடுத்து எம்பி4 பெட்டிக்கு மாற்றலாம், தரம் துளியும் போகாது. ஆனால் வெப்எம் பெட்டி விபி8, விபி9, ஏவி1 படத்தையும், வோர்பிஸ், ஓபஸ் ஒலியையும்தான் ஏற்கும். அதனால் உங்கள் கோப்பை மறுபடி சுருக்கியே ஆக வேண்டும், கொஞ்சம் இழப்பு இருக்கும். விபி9, ஓபஸ் தேர்ந்தெடுங்கள். வீடியோ பிட்ரேட்டை 0 என்று வைத்து சிஆர்எஃப் என்ற தர எண்ணை 30 பக்கம் கொடுங்கள், நுணுக்கமான காட்சி என்றால் 24-க்குக் குறையுங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும். இரண்டு முறை ஓடவிடும் முறையில் மாற்றுங்கள். ராத்திரி முழுக்க ஓடினாலும் ஓடட்டும். முடிந்ததும் பெரிய திரையில், அசலையும் இதையும் ஒரே நொடியில் நிறுத்தி வைத்துப் பாருங்கள். போன் திரையை நம்பாதீர்கள்.

'யூடியூப்பில் போட்டு வைத்தால் போதாதா' என்று ஒருவர் கேட்பார். யூடியூப்பும் மறுபடி சுருக்கித்தான் வைக்கிறது. நீங்கள் தரவிறக்கினால் கிடைப்பது பெரும்பாலும் அந்தச் சுருக்கிய பிரதிதான்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெரியம்மா தெரியும் வேறு வீடியோ எங்களிடம் ஒன்றே ஒன்று, அக்கா மகள் நிக்காஹ் டிவிடி. அதில் அவர் மணப்பெண்ணுக்குப் பூ வைத்துவிடும் இடத்தில், ஸ்டுடியோவின் பெயரும் போன் நம்பரும் அவர் முகத்தின் மேலேயே ஊர்ந்து போகிறது. எழுத்தில்லாத அசலைக் கேட்டுப் போனோம். அப்போதே அழித்துவிட்டோம் என்றார்கள். பணம் முழுதாக வாங்கிக்கொண்ட வேலை அது. நம் வீட்டு முகத்தின் மேல் தன் விளம்பரத்தை எழுத யார் உரிமை கொடுத்தது? கல்யாண வீடியோவுக்கு முன்பணம் கொடுப்பவர்கள், எழுத்தில்லாத அசல் கோப்புகளும் வேண்டும் என்று பேசி எழுதி வாங்குங்கள்.

போன வருடம் மறுபடி பத்தமடை போய், பெரியம்மாவிடம் தொழில் கற்ற ஒரு அக்கா நெய்வதை எடுத்தேன். அசல் இரண்டு ஹார்ட் டிஸ்கில் தனித்தனியாக இருக்கிறது. அதிலிருந்து எடுத்த விபி9 பிரதியில் ஒவ்வொரு கோரையையும் எண்ணலாம். பெரியம்மாவின் 30 எம்பி கோப்பையும் பொதுவகத்திலிருந்து நீக்கச் சொல்லவில்லை, அவர் நெய்வதற்கு இருக்கும் பதிவு அது ஒன்றுதான்.

உங்கள் போனில் இடம் இல்லை என்றால், முதலில் அசலை வேறு டிஸ்கில் நகலெடுத்து, அங்கிருந்து ஒருமுறை முழுதாக ஓடவிட்டுப் பாருங்கள். அப்புறம் மாற்றத் தொடங்குங்கள்.